முதல் பக்கத்தில் ஒரு காலிக் கோடு

“இந்தப் பதிவேட்டுப்படி பார்த்தா உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் கல்யாணமே ஆகல” என்றார் டீச்சர்.

ஓவர்சியர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுபத்தாறு வயதில் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் பொன்விழா. விழா மலருக்கு ஆலய வரலாறு எழுதும் வேலை டீச்சர் தலையில் விழுந்திருந்தது. முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். காலி இடத்தைக் கண்டால் கை துறுதுறுக்கும்.

மரக்கிடங்கில் நாலு பெஞ்சு போட்டு நடந்த முதல் ஆராதனை, கட்டும்போதே ஒரு தடவை சரிந்த கோபுரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. பாக்கி, புது ஆலயத்தில் நடந்த முதல் கல்யாணம். ஆலயத்தைக் கட்டிய ஓவர்சியரே மாப்பிள்ளை, முதல் போதகரின் மகள்தான் பெண்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் மாப்பிள்ளை கையெழுத்து இருந்தது. சாட்சிகள், போதகர் எல்லாரும் போட்டிருந்தார்கள். பெண் கையெழுத்துப் போட வேண்டிய கோடு மட்டும் காலி.

“அதுவா? மழை” என்றார் ஓவர்சியர். “அன்னைக்குக் கூரை பாதிதான் போட்டிருந்தோம். நான் கையெழுத்துப் போட்டு நிமிர்றேன், கொட்டுது பாருங்க. பதிவேடு, பேனா, பாடகர் குழு எல்லாம் தொப்பல். இவ போடறதுக்குள்ள ஆளாளுக்கு ஓடிட்டோம்.”

டீச்சர் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஐம்பது வருடத்து மை, ஒரு எழுத்துகூடக் கலையவில்லை. அந்தக் காலத்து மை அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

“அம்மா, உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?”

“அவளுக்கு என்னத்த ஞாபகம்? வெக்கத்துல தலையே நிமிரல” என்று முந்திக்கொண்டார் ஓவர்சியர். மாமனாரின் முக்கால் மணி நேரப் பிரசங்கத்தையும், புதுச் செருப்பு கடித்ததையும் அவரே சொல்லி முடித்தார்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“இப்ப இருக்கிற போதகர்கிட்ட பேசிட்டேன்” என்றார் டீச்சர். “நீங்க இப்ப கையெழுத்துப் போட்டா, இன்னைக்குத் தேதி போட்டு ஒரு குறிப்பு எழுதிடலாம். மலர்ல முதல் பக்கமே உங்க போட்டோதான்.”

ஓவர்சியர் தன் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார். “போடும்மா. அரை நிமிஷ வேலை.”

அம்மா சட்டையை மடித்து வைத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். தன் அப்பாவின் கையெழுத்தருகே விரல் சற்று நின்றது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

பிறகு பேனாவை மூடி, கணவரின் பையிலேயே செருகினார்.

“அப்பாகிட்ட அன்னைக்கே சொன்னேன், டீச்சர். யோசிக்க ஒரு வாரம் வேணும்.”