மேட்டில் இருப்பவர்கள்

"பேய்க்குப் பயந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு!"

ஊருக்கே கேட்கட்டும் என்றுதான் நோரீன் கத்தினாள். கேட்டது, புருஷன் கோல்மனுக்கும் புல்டோசரோடு வந்து நின்ற மலாக்கிக்கும்தான்.

மேல்வயலின் நடுவே ஒரு தேவதைக் கோட்டை. கோட்டை என்றால் கொத்தளமெல்லாம் இல்லை. வட்டமாக ஒரு மண்மேடு, அதன்மேல் ஒரு முள்மரம். உள்ளே குட்டி ஜனங்கள் என்கிற தேவதைகள் குடியிருப்பதாகவும், தொட்டால் கெடுதல் என்றும் ஊர்ப்பேச்சு.

அதைச் சமன் செய்தால் இன்னும் இரண்டு பசு மேய்க்கலாம். கோல்மன் பல வருஷமாக மாட்டேன் என்கிறான். அவன் மாடு விற்கக் கால்வே நகரச் சந்தைக்குப் போன சமயம் பார்த்து நோரீன் ஆளை வரவழைத்தாள். மாடு சீக்கிரம் விலைபோனதில் கோல்மன் திரும்பி வந்துவிட்டான். இப்போது வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"சர்ச்சுப் பூசையில குறட்டை விடறே. நரகத்துக்கே பயப்படாத ஆளு, இந்த மேட்டுக்குப் பயப்படறியா?"

"அங்க ஆள் இருக்கு."

"ஓட்டு இருக்கா அவங்களுக்கு?"

மலாக்கி தொண்டையைக் கனைத்தான். "அக்கா, எங்க சித்தப்பா இப்படித்தான் ஒரு முள்மரத்தை வெட்டினாரு. வாய் கோணிப்போச்சு."

"அது குடிச்சுக் கோணின வாய். நீ வண்டியை எடுடா!"

"டீசல் தீர்ந்துபோச்சு அக்கா" என்றான் மலாக்கி. டீசல் தீர்ந்த வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

நோரீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொண்டாட்டி பெருசா, அந்தக் குட்டி ஜனங்க பெருசா? இரு, பங்குச் சாமியாரையே கூட்டிட்டு வரேன். அவரே தீர்த்தம் தெளிச்சு இடிக்கட்டும்."

"அவரு மட்டும் அங்க கால் வைக்கக் கூடாது."

"ஏன், கடிச்சிருவாங்களோ?"

கோல்மன் குல்லாயைக் கழற்றினான்.

"அங்க தேவதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, நோரீன். நம்ம மூத்த பொண்ணு மூச்சில்லாமப் பொறந்தாளே, ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடமில்லைன்னு சொன்னவரு அவருதான். நீ காய்ச்சல்ல நினைவில்லாம கிடந்தே. எங்க வெச்சேன்னு அப்புறமும் நீ கேக்கலை. அந்த மேட்டை விட்டா அவளை நான் வேற எங்க கொண்டுபோவேன்?"