குளித்த பிறகுதான்

ஆய்வகக் கூண்டில் மூன்று எலிகள் செத்துக் கிடந்தன. கூண்டு கழுவும் மாடம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க எலிக்கு ஊசி போடுற வைரஸ் எனக்கும் வந்துருமா மோளே?"

"மனுசங்களுக்கு வராதுக்கா," என்றாள் ஆராய்ச்சி மாணவி சுஜா. அவள் முகமும் வெளுத்திருந்தது. "வைரஸை எதிர்க்குற கொல்லி செல் இந்த எலிகளுக்குப் பிறவியிலயே கிடையாது. ஆனா நாங்க வைரஸ் ஊசி போடுறதே நாளைக்குத்தான்! ஏதோ வெளி எலிகிட்ட இருந்து வந்திருக்கு. மிச்ச நாற்பதும் போயிரும்."

"எனக்குத் தினமும் பயந்தான் மோளே. வீட்டுக்குப் போனதும் குளிச்சிட்டுத்தான் பிள்ளையத் தொடுவேன்."

"இங்க வரும்போது?"

மாடம்மாள் விழித்தாள். "வரும்போது எதுக்கு? வீட்டுப் பொறியில விழுந்த எலியக் கையால எடுத்துப் போட்டுட்டு, பஸ்ஸப் பிடிச்சு நேரா இங்கதான் வருவேன்."