பத்து டிக்

என் மனைவிக்கு ஆஸ்துமா. அது போதாதென்று இதயத்தில் உலோக வால்வு வேறு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது டிக்கென்று சத்தம் போடும். பக்கத்தில் நின்றால் எனக்கே கேட்கும்.

இன்ஹேலரை உறிஞ்சியதும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தினமும் காலையில் இரண்டு முறை உறிஞ்சுவாள். ஒவ்வொரு முறையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் அவளுடைய டிக்கை எண்ணுவேன்.

"ரொம்ப வேகமா எண்ணுறீங்க" என்பாள்.

"அதை உன் வால்வுகிட்ட சொல்லு" என்பேன்.

போன மாதம் அந்த வால்வில் ரத்தம் கட்டி, ஒரே மதியத்தில் போய்விட்டாள். துணிமணிகளை அவள் தங்கை எடுத்துக்கொண்டாள். குளியலறை அலமாரியில் இன்ஹேலர் மட்டும் மிஞ்சியது. அதன் முதுகில், மீதி எத்தனை முறை உறிஞ்சலாம் என்று காட்டும் எண் அறுபதில் இருந்தது.

மறுநாள் காலை ஐம்பத்தெட்டு. அதற்கு மறுநாள் ஐம்பத்தாறு. எனக்கு ஆஸ்துமா கிடையாது, வீட்டில் வேறு யாரும் கிடையாது. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் ஐம்பத்துநான்கு. வாய் வைக்கும் இடம் ஈரமாக இருந்தது.

அதன்பிறகு பூட்டவில்லை. பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இன்று காலை எண் இரண்டு. வேலை முடிந்ததும் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைக் கேட்காமலே புதிய இன்ஹேலரை எடுத்து வைத்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க? ஆளையே காணோமே?"

"மூச்சு பரவாயில்ல" என்றேன். "எண்ணலாம்னு தினமும் பக்கத்துல போய் நிக்கிறேன். டிக் சத்தம்தான் கேட்க மாட்டேங்குது."