பக்கத்து வீட்டு ஆத்துமா

சுவிசேஷம் சொல்லக் கடல் கடந்து வந்து எட்டு மாதமாகியும் ஊழியக்காரருக்கு அகப்பட்டது ஒரே ஒரு ஆத்துமா, பக்கத்து வீட்டம்மா. செவ்வாய்தோறும் பகலில் வந்து உட்காருவாள். இவர் அந்த ஊர்ப் பாஷையில் தட்டுத்தடுமாறி வசனம் சொல்வார், அவள் தலையாட்டுவாள். பிறகு அவள் மடமடவென்று ஏதோ பேசுவாள். ஒரு மண்ணும் புரியாமல் இவரும் தலையாட்டுவார்.

"ஏங்க, புரியலைன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"சும்மா இரு. மீன் தூண்டில்ல மாட்டுற நேரம்."

'அறுவடை நெருங்கிவிட்டது, ஜெபியுங்கள்' என்று தாய்ச்சபைக்குக் கடிதமும் பக்கத்து வீட்டம்மாவின் படமும் பறந்தன.

சனிக்கிழமை அவள் இவர், மனைவி, மகள் மூவரையும் தன் வீட்டுக்கு அழைத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் இவர்களுடைய குடும்பப் படம் போட்ட நோட்டீஸ்! கீழே நாலு வரி.

"பாத்தியா, நம்ம மேல எவ்வளவு பாசம்!" ஊழியக்காரர் பூரித்துப்போனார். "என்ன போட்டிருக்கு, படிம்மா."

அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் மகள் கடகடவென்று சொன்னாள்: "ஆண்டவரை அறியாத இந்த வெளிநாட்டுக் குடும்பத்துக்காக ஜெபிச்ச நம்ம சபைக்கு நன்றி. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டாங்க. நாளைக்கு மூணு பேருக்கும் ஞானஸ்நானம்."

பக்கத்து வீட்டம்மா மூன்று வெள்ளை அங்கிகளோடு வந்து நின்று, ஏதோ கேட்டாள்.

ஊழியக்காரர் பழக்கதோஷத்தில் தலையாட்டினார்.