அறுபது பக்க அத்தாட்சி

“இந்த வாசகத்தை யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

அதிகாரி சோப்புக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைத் தாளில் ஒரே ஒரு வரி: ‘ஆற்றையும் குளத்தையும் கெடுக்காது.’

தெருவே ‘சோப்பம்மா’ என்று கூப்பிடும் அவள், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

“யாரைக் கேக்கணும் சார்? நான்தானே காய்ச்சறேன். உள்ள என்ன போடறேன்னு எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரிஞ்சா போதாதும்மா. பரிசோதனைக்கூட அறிக்கை இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப இது பொய்.”

“பொய் இல்ல சார்!”

“நிரூபிக்காத வரைக்கும் சட்டப்படி பொய்தான். ஆறு, காடுன்னு இஷ்டத்துக்கு எழுதி ஜனங்களை ஏமாத்தறாங்கன்னுதான் இந்தச் சட்டமே வந்திருக்கு. உங்க மேல எழுத்துல புகார் வந்திருக்கு.”

வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “அதானே, என்னடா வியாபாரம் இப்படி ஓடுதேன்னு பார்த்தேன்” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

சோப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஆத்தங்கரையில பெரிய சோப்புக் கம்பெனி இருக்கே சார், அவன் டப்பா பூரா இலையா வரைஞ்சு ‘ஆற்றின் தோழன்’னு போட்டிருக்கான். அவன் கழிவு விழற இடத்துல மீனெல்லாம் செத்து மிதக்குது. அவனைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். அறுபது பக்கத்துக்கு அத்தாட்சி கொடுத்தாங்க. எல்லாம் முறையா இருந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு அனுமதிச்சேன்.”

அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினார். “பதினஞ்சு நாள்ல அறிக்கை கொண்டு வாங்க. இல்லேன்னா அந்த வரியை எடுத்துட்டு வித்துக்கோங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

மறுநாள் செய்தித்தாளில் ஏழாம் பக்கத்தில் வந்துவிட்டது. ‘சூழல் பெயரில் மோசடி: பெண் சிக்கினார்.’ காலை காபி குடிப்பதற்குள் நாத்தனாரிடமிருந்து போன்.

“என்ன அண்ணி, பேப்பர்லயெல்லாம் வந்துட்டீங்க?”

பரிசோதனைக்கூடத்தில் வரிசையே எட்டு மாசத்துக்கு இருந்தது. கட்டணத்தைக் கேட்டதும் கணவர் போனை வைத்துவிட்டார்.

“விடு. அந்த வரி இல்லாட்டி என்ன? வெறும் சோப்புன்னு விப்போம்.”

இருவரும் உட்கார்ந்து எண்ணூறு கட்டிகளிலிருந்தும் தாளை உரித்தார்கள். கணவர்தான் நடுநடுவே சிரிக்கவைக்கப் பார்த்தார். “கடைக்குப் போற புள்ளைக்குச் சட்டையைக் கழட்டி அனுப்பற மாதிரி இருக்குடி.” அவள் சிரிக்கவில்லை.

கடைகளில் யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்திலேயே இலை போட்ட டப்பா பளபளவென்று நிற்கும்போது, மொட்டைக் கட்டியை யார் எடுப்பார்கள்? செய்தித்தாளைப் படித்தவர்கள் வேறு முகம் சுளித்தார்கள். “மன்னிச்சுக்கோங்கம்மா, இடத்தை அடைக்குது” என்று ஒவ்வொரு கடைக்காரராகப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ஊர்க்கோடியில் ஒரே ஒரு கடை மட்டும் மீதி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது.

நாலாவது மாசம் காய்ச்சுகிற அண்டாவை எடைக்குப் போட்டார்கள்.

ஆறாவது மாசம் அவள் ஆற்றங்கரைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். டப்பாவில் ‘ஆற்றின் தோழன்’ ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. முதல் நாள் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னக்கா பாக்கறீங்க? படிக்காதீங்க, ஒட்டுங்க” என்றாள் மேற்பார்வைக்காரி. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “உங்க மேல புகார் கொடுத்ததே நம்ம கம்பெனி வக்கீல்தான். தெரியாதா உங்களுக்கு?”

அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் மணி அடித்ததும் எழுந்து போய் ஒட்டினாள். வேறென்ன செய்ய? ஜன்னலுக்கு வெளியே குழாயிலிருந்து நுரை நுரையாக ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால், அந்த அதிகாரி.

அவள் முந்திக்கொண்டாள். “சார், அபராதம் அப்பவே கட்டியாச்சு. நான் தொழிலையே விட்டுட்டேன்.”

“தெரியும்மா. கடையில சொன்னாங்க.” தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணிப்பையைப் பிரித்தார். “பழைய கட்டி ஏதாவது மிச்சம் இருக்கா?”

“சாம்பிளுக்கா சார்?”

“இல்ல, வீட்டுக்கு. அஞ்சு வருஷமா உங்க கட்டிதான் நாங்க. ஊர்க்கோடிக் கடையில நீங்க கடைசியாப் போட்ட சரக்கு மொத்தத்தையும் நான்தான் வாங்கினேன். அதுவும் தீர்ந்துபோச்சு.”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“இது நல்ல சோப்புன்னு தெரிஞ்சுதானா சார் அன்னிக்கு அபராதம் எழுதினீங்க?”

“எனக்குத் தெரிஞ்சதை ஃபைல்ல எழுத முடியாதும்மா.”

“இருக்கட்டும். நீங்க கையெழுத்துப் போட்ட சோப்புதான் கடைகடையா இருக்கே. தினமும் நானே ஒட்டி அனுப்பறேன். அதை வாங்கிக்கக்கூடாதா?”

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க வீட்டுல குளியலறையை ஒட்டியே கிணறு இருக்கும்மா. அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறோம்.”