ஏழாவது நோட்டீஸ்

"தம்பி நிருஷன், நான் செத்துப்போனனாம். உமக்கு ஆரும் சொன்னவையே?"

படலையைத் தள்ளிக்கொண்டு வந்த கனகசபாபதி, சைக்கிளைக் கமராப் பெட்டியிலேயே சாத்தினார். கொக்குவில் வீட்டு வளவுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் துடித்துப் பதைத்து எழும்பினார்கள்.

இயக்குநர் நிருஷன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். கூட்டாளிகள் சேர்ந்து எடுக்கும் வெப் சீரிஸுக்கு இன்றுதான் கடைசி நாள். வீட்டையும் கமராவையும் பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சம் கிடப்பது ஒரேயொரு காட்சி. வெளிநாட்டிலிருந்து வரும் மகனைக் கண்டு அப்பா கண்கலங்க வேண்டும். அந்த அப்பா இவர்தான்.

கதையில் பிறகு அப்பா செத்துப்போவார். அதற்காக இவருடைய படத்தைப் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி, அமரர் இராசநாயகம்' என்று ஆறு நோட்டீஸ் அடித்து, போன கிழமை ஒரு மதிலில் ஒட்டிப் படம்பிடித்திருந்தார்கள். அச்சகத்துக்குக் கூடவே வந்து, வடிவான படமாகப் பார்த்துக் கொடுத்ததும் இவர்தான்.

"எங்கை ஐயா கண்டனீங்கள்?"

"என்ரை ஒழுங்கை முகப்பிலை, எமில்ராஜின்ரை கடைச் சுவரிலை! விடியக் காலமை உடுப்பிட்டி மச்சாள் ஓட்டோ பிடிச்சு, ஒப்பாரியோடை வந்திறங்கிறா. நான்தான் கேற்றைத் திறந்தன். ஐயோவெண்டு மயங்கி விழுந்திட்டா! பின்னாலை பந்தல்காரன் வந்து என்னட்டையே கேக்கிறான், கதிரை எத்தினை வேணுமெண்டு!"

உதவி இயக்குநர் தர்சிகா அழாக்குறையாக நின்றாள். "சத்தியமா ஐயா, ஒட்டினது ஆறு. ஆறையும் என்ரை கையாலை கிழிச்சனான்."

"அப்ப ஏழாவது வானத்தாலை விழுந்ததே?"

யாருக்கோ சிரிப்பு வந்து, இருமலாக மாறியது. பேர் வேறுதானே என்று சொல்ல நிருஷன் வாயெடுத்தான். பிறகு அடக்கிக்கொண்டான். நோட்டீஸில் பேரை யார் வாசிக்கிறார்கள்? படத்தைக் கண்டவுடனேயே சனம் அழத் தொடங்கியிருக்கும்.

"உங்கடை படமும் வேண்டாம், பகிடியும் வேண்டாம். நான் போறன்!"

அந்தப் பதற்றத்திலும் நிருஷனுக்கு ஒரு வயிற்றெரிச்சல். தபால் கந்தோரில் முப்பது வருசம் முத்திரை விற்ற மனிசன், கோபமான வசனத்தையும் 'அடுத்த ஆள் வாங்கோ' என்கிற குரலில்தான் சொல்லுவார். ஒரு வசனத்தைப் பதினாலு தரம் எடுத்த அன்று, "உங்களுக்கு நடிப்பு வராது ஐயா" என்று இவனே அலுத்துப்போய்ச் சொல்லியும்விட்டான். இந்தக் கோபத்தில் அரைவாசியைக் கமராவுக்குக் காட்டியிருக்கக் கூடாதா!

"ஐயா, உங்கடை காலிலை விழுறன்..."

அப்போது கனகசபாபதியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நம்பரைப் பார்த்தார்.

"கனடா நம்பர். என்ரை தம்பி பொன்னம்பலம். வேலிக் கதியாலை அரையடி தள்ளி நட்டுப்போட்டனெண்டு பதினொரு வருசமா என்னோடை கதையாதவன்." போனை நிருஷனிடம் நீட்டினார். "நான் எடுத்தால் பேயெண்டு பயந்திடுவான். உங்கடை பிழை, நீரே சொல்லும்."

போனில் ஒரே அழுகை. "ஆர் பிள்ளை கதைக்கிறது? எமில்ராஜ் நோட்டீஸைப் படமெடுத்து அனுப்பினவன். நான் வருமட்டும் அண்ணையை எடுத்துப்போடாதேங்கோ! பிளேன் ரிக்கற் போட்டிட்டன்!"

"ஐயா, அழாதேங்கோ. அண்ணை உயிரோடைதான் இருக்கிறார். அது நாங்கள் படமெடுக்க ஒட்டின நோட்டீஸ். எங்கடை பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அழுகை சட்டென்று நின்றது. பிறகு, "படுபாவியள்!" என்று ஒரு பெரிய சிரிப்பு. சிரிப்புக்குள்ளேயே திரும்பவும் அழுகை. "அண்ணையிட்டைக் குடும் தம்பி!"

"பொன்னு..." என்றார் கனகசபாபதி. ஓம், ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் ஒன்று சொன்னார். "ரிக்கற்றை மாத்திப்போடாதை. செத்தவீடு இல்லாட்டிலும் வா."

சூட்டோடு சூடாக நிருஷன் கமராவை ஓடவிட்டான். மகன் படலையைத் திறந்து வர, அப்பா நிமிர்ந்து பார்த்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒரே தரத்தில் காட்சி முடிந்தது! கமராவுக்குப் பின்னால் நின்ற ஒளிப்பதிவாளர் பிரணவனே மூக்கை உறிஞ்சினான். வளவு முழுக்கக் கைதட்டலும் விசிலும். நிருஷனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

அந்த நேரம் பார்த்து, நோட்டீஸைக் கிழிக்கப் போயிருந்த தர்சிகா வேர்க்க விறுவிறுக்க வந்தாள். "அண்ணை, இதை ஒருக்கா வாசியுங்கோ."

அதே படம். அதே பூக்கரை. அதே அச்சகம். ஆனால் பேர்?

'அமரர் கனகசபாபதி. ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர். பொன்னம்பலத்தின் (கனடா) பாசமிகு அண்ணன்.'

மாமரத்தடியில் பனங்கட்டியோடு பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் நிருஷன் அதை நீட்டினான். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஆரோ இராசநாயகம் செத்தால் என்ரை தம்பி ஏன் அழப்போறான்?"

"அப்ப, அந்த உடுப்பிட்டி மச்சாள் மயங்கி விழுந்தது?"

"உடுப்பிட்டியிலை எனக்கு ஒரு மச்சாளும் இல்லை," என்று அவர் பனங்கட்டியைக் கடித்தார். "எனக்கு நடிப்பு வராதெண்டு சொன்னது நீர்தானே, தம்பி?"