குசினிச் சுவர்

கமலாசனியின் ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள் மத்தியானம், சமைக்க மனமில்லாமல் மகள் மேனுகா தகப்பனைக் கிளிநொச்சியில் புதிதாகத் திறந்திருந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள். தவராசா பாஸ்தாவில் ஒரு வாய் வைத்தார்.

"உப்பில்லை."

மேனுகா ருசி பார்த்தாள். உப்பு அளவாகத்தான் இருந்தது. தன்னுடையதை மாற்றிக் கொடுத்தாள். அதிலும் இல்லையாம். மேசையில் இருந்த உப்புக் குப்பியை அவர் அப்படியே கவிழ்த்துக் கொட்டிக் கிளறித் தின்றார்.

"இதென்ன, மண்ணைத் திண்ட மாதிரிக் கிடக்கு!"

முப்பது வருசம் வீட்டிலும் இதே கதைதான். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சோற்றுக் கோப்பையை அம்மா சமைக்கிற குசினியின் சுவரில் எறிவார். "அள்ளி நீயே தின்" என்பார். அம்மா குனிந்து அள்ளித் தின்பாள். அதே கறியைத்தான் மேனுகாவும் தின்று வளர்ந்தாள். ஒருநாளும் உப்புக் குறைந்ததில்லை.

உருத்திரபுரத்து வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, திவசத்துக்கென்று பெயின்ற் அடித்த குசினிச் சுவரில், கோப்பை வந்து விழுகிற அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. காலையில் அது இல்லை.

தவராசா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்கள் விரிந்தன. முழங்காலில் நின்று சுவரை நக்கத் தொடங்கினார். நக்க நக்கப் பூத்தது. நாக்கில் இரத்தம் கசிந்தும் அவர் நிறுத்தவில்லை.

மேனுகா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"கீழயும் கொட்டிக் கிடக்குது, அப்பா," என்றாள். "அள்ளித் தின்னுங்கோ."